முதல் மீன் யார் கைக்கு

சுரக்குடி என்ற ஊரில் இருந்த தமிழ்மொழி என்பவள் கடலுக்கு நடுவே ஒரு தீவைப் படைத்து நாவல் எழுதினாள். அந்தத் தீவில் மருந்துக்கும் நெல்வயல் கிடையாது. ஆனாலும் எல்லாக் கல்யாணமும் அறுவடை முடிந்து தை மாதத்தில்தான் நடந்தது. சென்னைப் பதிப்பாசிரியர் சிவப்ரியா விடுவாரா? தலையில் சங்கு செருகியிருந்தாலும் இந்தத் தீவுக்காரர்கள் அத்தனை பேரும் உங்கள் சொந்தக்காரர்கள்தானே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் ஒரே முறை படிப்பாராம். அப்போதும் நம்ப முடியாவிட்டால் வேறு பதிப்பகம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்மொழிக்கு அழுகையாக வந்தது. கோபமும் வந்தது, தன் மேலேயே. மானுடவியலில் எம்.ஏ. வாங்கியவள் அவள். படித்ததையெல்லாம் பரீட்சைத் தாளோடு மடித்துக் கொடுத்துவிட்டு வந்தால் இப்படித்தான் ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை காரைக்கால்மேட்டுக்குப் போய் மீன் ஏலத்தில் ஓரமாக நின்றாள். பார்த்ததை அப்படியே தூக்கித் தீவில் போட்டால் அது திருட்டு. ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டாள். கரைக்கு வந்த மீன் முதலில் யார் கைக்குப் போகிறது?

தீவில் அது பிடித்தவனின் அக்கா தங்கை கைக்குப் போகட்டும் என்று முடிவு செய்தாள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. படகு பெண்களுடையது, ஓட்டுவது கூடப் பிறந்தவன். அப்படியானால் ஒருத்தியின் அடுப்புக்கு அவள் அண்ணன்தான் மீன் தரவேண்டும். புருஷன் கொடுத்தால், அண்ணன் உன்னைக் கைகழுவிவிட்டான் என்று ஊரறியச் சொன்னதாகிவிடும். தெருச்சண்டையில் திட்டப் புது வசவுகூடப் பிறந்தது. கல்யாணங்கள், படகுகளைக் கரையேற்றும் புயல் மாதத்துக்குத் தானாக நகர்ந்தன. சோறு குழைந்ததுகூடத் தெரியாமல் எழுதினாள். கணவன் மணிபாரதி அதையே மோர் விட்டுக் கரைத்துச் சாப்பிட்டான்.

எழுதி முடித்து சிவப்ரியாவுக்கு அனுப்பினாள். ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கடைசி அத்தியாயத்துல உங்க தீவுக்காரன் மாறன், தன் பொண்டாட்டி கையில மீனைக் குடுக்கிறான். எப்படிங்க குடுப்பான்? அவ அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கானே. ஊர்ல ஒருத்தரும் கேக்க மாட்டாங்களா?"

தமிழ்மொழி பக்கத்தைப் புரட்டினாள். அவர் சொன்னது சரி. வாரக் கடைசியில் மீன் வாங்கிவந்து நீட்டும் சுரக்குடிப் புருஷன் ஒருவன் அவசரத்தில் உள்ளே புகுந்திருந்தான். மாற்றிவிடுகிறேன் என்றாள்.

"மாத்துங்க, அச்சுக்கு அனுப்பணும். அந்த ஜனங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்று கோபம் குறையாமலே போனை வைத்தார் சிவப்ரியா.

தமிழ்மொழிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மணிபாரதியிடம் ஓடினாள்.

"என்னங்க, என் தீவுக்காரங்களப் பத்தி எனக்கே ஒருத்தங்க பாடம் எடுக்கறாங்க. ஜெயிச்சுட்டேங்க."