நாலு நொடி அசையாதவள்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. யாருடைய கோபம் என்பதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன், ஏமாற்ற மாட்டேன். முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

'பெங்களூரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், அனுஷா தன் கேமராவை...'

பொய். அன்றைக்கு மழையே இல்லை.

2

அனுஷா ஹெப்பகோடியில் இருக்கிறாள், கம்ப்யூட்டர் வேலை. ஞாயிறுதோறும் ஜோகுபாளையத்தில் எரிக் சாரின் கேமரா வகுப்பு. அங்கே ஒரு வழக்கம்: முதல் மாதம் முழுக்கக் கேமராவின் பின்பக்கத் திரையில் கறுப்பு டேப் ஒட்டியிருக்க வேண்டும். எடுத்த படத்தை அடுத்த வகுப்பில்தான் பார்க்கலாம்.

"திரையப் பாத்துப் பாத்து எடுத்தா கை எப்பம்மா கத்துக்கும்?" என்பார் எரிக்.

மூன்றே வகுப்பு போயிருந்தாள். அதற்குள் அண்ணன் ராஜேஷ்குமாருக்குப் பொம்மனஹள்ளியில் புது ஃபிளாட், கிரகப்பிரவேசம். அக்கா வனஜா, தியோடர் என்று ஒரு நல்ல போட்டோகிராபரை ஏற்பாடு செய்திருந்தாள். அனுஷா அக்காவைக் கேட்காமலே அவருக்குப் போன் போட்டு, "வேணாம் சார், நானே எடுத்துக்கறேன்" என்றுவிட்டாள். [இதை அவள் செய்திருக்கக் கூடாது. நான் தலையிடவில்லை, சும்மா சொல்கிறேன்.]

வனஜா பேச்சை நிறுத்திவிட்டாள். படங்கள் நன்றாக வந்தால் அக்கா வாயைத் திறப்பாள் என்று அனுஷா நம்பினாள். பாவம், உயிரையே அதில் வைத்திருந்தாள்.

3

விடியற்காலை ஐந்தரை. ஹாலில் ஒரே ஒரு பல்பு. எரிக் சொன்ன மூன்றும் அவளுக்கு மனப்பாடம். லென்ஸின் துளையைச் சின்னதாக்கினால் எல்லா முகமும் தெளிவாக விழும். ஐ.எஸ்.ஓ.வை நூறில் வைத்தால் படத்தில் புள்ளி வராது. கடைசியாக ஷட்டரைத் திருகி, வெளிச்ச அளவு காட்டும் முள்ளை நடுவில் நிறுத்த வேண்டும். மூன்றையும் ஒரேயடியாகச் செய்தாள். ஸ்டாண்டில் நின்ற கேமரா 'க்ளிக்' என்றது. மெதுவாக நாலு எண்ணிய பிறகு 'க்ளக்' என்றது.

"என்னா அனு, இவ்ளோ நேரம் எடுக்குது?" என்றான் அண்ணன்.

"மேனுவல்ணா. யோசிச்சுதான் எடுக்கும்."

வெளிச்சம் போதாமல் ஷட்டர் நாலு நொடி திறந்தே கிடக்கிறது, அதற்குள் அசைகிறவர்கள் எல்லாம் கரைந்துபோவார்கள் என்பது அவளுக்கு உறைக்கவில்லை. அந்தப் பாடத்தை எரிக் ஐந்தாவது வகுப்புக்கு வைத்திருந்தார்.

பால் பொங்கியது. புரோகிதர் கன்னடத்தில் "பேகா, பேகா" என்று விரட்டினார். எல்லோரும் ஓடினார்கள், கும்பிட்டார்கள், சிரித்தார்கள். வனஜா மட்டும் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். [மாம்பழ மஞ்சளில் பட்டுப்புடவை. அவளுக்கு ரொம்பப் பொருத்தம். கதைக்குத் தேவையில்லைதான், இருக்கட்டும்.]

4

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் டேப்பைப் பிரித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். அண்ணன் ஒரு புகை. அண்ணி சிவப்புப் புகை. புரோகிதர் இருந்த இடத்தில் ஒரு குடுமி மாதிரி ஏதோ. ஆனால் ஒவ்வொரு படத்திலும் மூலையில் வனஜா மட்டும், மூக்குத்தி உட்பட, அத்தனை துல்லியம்.

எரிக் கடைசிப் படம்வரை தள்ளிப் பார்த்தார். "அக்கா நல்லா வந்திருக்காங்கம்மா" என்றார். [நான் அங்கே இல்லை. ஆனால் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?]

5

முடிவுகள்:

அ) வனஜா தங்கையைக் கட்டிக்கொண்டு, "நீ எடுத்ததுதான்டி..." [அடச்சீ.]

ஆ) தியோடரை வரவழைத்து மறுபடி பால் காய்ச்சுகிறார்கள். [அண்ணி ஒத்துக்கொள்ள மாட்டாள்.]

இ) அனுஷா கேமராவைப் பரண்மேல் போட்டுவிட்டு... [வேண்டாம், எனக்கே அழுகை வருகிறது.]

உண்மையில் நடந்தது இதுதான். அத்தனை படத்தையும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூடவே ஒரு வாய்ஸ் நோட்:

"அக்கா, உன்னக் கேக்காம அவர வேணாம்னு சொன்னது தப்புதான். ஆனா பாரு, அத்தன பேர்ல நீ மட்டும்தான் விழுந்திருக்க. ஏதாச்சும் பேசுக்கா. திட்டவாச்சும் செய்."

வனஜா நான்தான். மாம்பழ மஞ்சளிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டாமா நீங்கள்? அனுஷாவை நார் நாராகக் கிழிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். மூன்றாம் பகுதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது. நூற்று நாற்பதாவது படத்தில் நான் உண்மையிலேயே நன்றாக இருக்கிறேன். அதை டிபியில் வைக்க ஆசைதான், வைத்தால் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாள்.

நீல டிக் விழுந்து பதினேழு நிமிடம் ஆகிறது. அவள் ஆன்லைனிலேயே காத்திருக்கிறாள், கழுதை. நான் மைக் பட்டன்மேல் விரலை வைத்திருக்கிறேன். முதல் வார்த்தை என்ன என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், இந்த முகத்தோடு நாலு நொடிக்குமேல் இனி என்னால் உட்கார முடியாது.