அம்மா நடந்த தூரம்

திங்கட்கிழமையிலிருந்து அக்கா வரவில்லை.

பக்கவாதத்தில் அப்பா விழுந்த பிறகு நலத்துறை அனுப்பிய உதவியாளர் அவர். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைப்பார், உடம்பைத் துடைப்பார், செயலிழந்த வலது கையை மடக்கி நீட்டுவார். அம்மாவும் நானும் சேர்ந்தாலும் அவர் மாதிரிப் புரட்ட வராது. அப்பாவின் முதுகில் ஒரு சிவப்புத் தடம் விழுந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை. புண்ணாவதற்கு முன் அப்படித்தான் இருக்கும் என்று அக்கா சொல்லியிருந்தார்.

ஃபோன் செய்தேன்.

"நான் என்ன பண்ணட்டும் கண்ணு? ஆப்ல உங்க வீட்டையே எடுத்துட்டாங்க. வேற வீடு போட்டிருக்கு. போகலைன்னா எனக்கு லீவுன்னு விழும்."

"ஏன் எடுத்தாங்க?"

"பயனாளி நடமாடுகிறார்னு வந்திருக்கு."

கட்டிலைப் பார்த்தேன். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நலத்துறை அலுவலகத்தில் வரிசை இல்லை. ஒரே ஒரு கவுன்ட்டரில் விளக்கு எரிந்தது.

"எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சும்மா. நான் சும்மா பேச்சுத் துணைக்குத்தான் இருக்கேன்" என்றார் அங்கிருந்தவர். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார். "உங்கப்பா என்னைவிட நல்லா நடக்கறார்."

அப்பாவின் மணிக்கட்டில் கட்டச் சொல்லி நலத்துறை கொடுத்த பட்டை அனுப்பிய வரைபடம் அது. நாடியும் அசைவும் அதில் பதிவாகும். கல்லூரியில் நான் உருப்படியாகக் கற்றது வரைபடம் படிப்பதைத்தான். விடிகாலையில் ஒரு சின்ன மேடு. தண்ணீர் பிடிக்கிற நேரம். அடுத்தது மாடியில் துணி உலர்த்துவது. அதன் பிறகு பெரிய சிகரம், கடைத்தெரு. மதியம் கொஞ்சம் இறங்குகிறது. தரையைத் தொடவில்லை.

அது அப்பாவின் நாள் இல்லை.

"நேர்ல வந்து பாருங்களேன் சார்."

"பாக்கறதுக்கு ஆப்ஷன் இல்லம்மா. ரெண்டு வாரம் அசைவு இல்லாம இருந்தா அதுவே திரும்ப ஆள் போடும். நடுவுல பட்டையைக் கழட்டினா மறுபடி முதல்லேருந்து."

வீட்டில் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். வளையல்களுக்குப் பின்னால் பட்டை பச்சையாக மினுங்கியது.

"அவருக்கு அரிக்குதுடி. கழட்டி வெச்சா கத்துது. விளக்கு அணையக் கூடாதுன்னு கொடுக்கும்போதே சொன்னாங்க. அதான் நான் கட்டிக்கிட்டேன். புருஷன் வேற, பொண்டாட்டி வேறயா?"

"மெஷினுக்கு வேறதாம்மா."

"அப்ப நான் ஓடியாடினதெல்லாம் இவர் கணக்குல போயிடுச்சா?" அம்மா அப்பாவைப் பார்த்தாள். "கல்யாணம் ஆனதிலேருந்து அப்படித்தானே போகுது."

அப்பா பாதி வாயால் சிரித்தார்.

"அசையாத ஆளா பார்த்துக் கட்டணும்" என்றேன்.

"உங்க மாமா கையில கட்டு. அந்தச் சோம்பேறிக்கு ஒரே நாள்ல ரெண்டு பேரை அனுப்புவாங்க."

அப்பாவின் இடது கை சும்மா இருக்காது. தண்ணீர் கேட்கும், கொசு விரட்டும், அம்மாவைக் கூப்பிடும். அதனால் பட்டையை வலது கையில் கட்டினோம். அந்தக் கையை மடக்கி நீட்டுவதையும் நிறுத்தினோம். புரட்டும்போது அம்மா உடம்பைத் தள்ளுவாள், நான் வலது கையை நெஞ்சோடு அணைத்து அசையாமல் பிடித்துக்கொள்வேன். முடிந்ததும் கைபேசியில் பட்டையின் வரைபடத்தை எடுத்துப் பார்ப்பேன். கோடு தட்டையாக இருந்தால் மூச்சு வரும். இரவில் எழுந்தும் பார்த்தேன். முதுகுத் தடம் அகலமாகிக்கொண்டிருந்தது. கை விறைக்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று அம்மா அப்பாவிடம் சொல்வாள். என்னிடமும் சொல்வாள்.

இரண்டாவது வாரம் முடியப்போகிற ஒரு காலையில், அப்பாவின் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வலது ஆள்காட்டி விரல் விரிப்பில் ஒருமுறை தட்டியது.

என் கை பட்டு அசைந்ததாக நினைத்தேன். துணியை எடுத்தேன். மறுபடி தட்டியது.

"அம்மா!"

அம்மா ஓடிவந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் மூன்றாவது முறை எழும்பியது. அம்மா சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"இருங்க, இருங்க. இப்ப வேண்டாம்."

அப்பா அவளைப் பார்த்தார். அவள் கைக்கு அடியில் விரல் தள்ளிக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. பச்சை விளக்கு மினுங்கியது. அம்மா கையை எடுக்கவில்லை.

நான் பட்டையின் கொக்கியைக் கழற்றினேன். உடனே கத்தத் தொடங்கியது. தலையணைக்கு அடியில் திணித்தேன். அங்கிருந்தும் கத்தியது.

அம்மா என்னைப் பார்த்தாள். கையை மெதுவாக எடுத்தாள்.

"இப்ப ஆட்டுங்க."

விரல் அசையவில்லை.

"என்னங்க, ஆட்டுங்களேன்." அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அக்கா செய்கிற மாதிரியே முழங்கையை மடக்கினாள். அப்பா முகம் சுளித்தார். நீட்டினாள். மறுபடி மடக்கினாள்.

"நீ அந்தப் பக்கம் பிடி" என்றாள் என்னிடம். "முதல்ல திருப்பிப் படுக்க வைப்போம். அது கத்தட்டும்."