தட்டில் வைக்க ஒரு ஸ்பீக்கர்

தமிழ்வேந்தன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எலக்ட்ரானிக்ஸ் கடைக்குள் நுழைந்தபோது, என்ன வாங்க வேண்டும் என்பது அவன் சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டில் தெளிவாக இருந்தது. எழுதிக் கொடுத்தவள் அவன் அக்கா மகள் இலக்கியா. ஹெட்செட். காதை முழுக்க மூட வேண்டும். வயர் இருக்க வேண்டும். மைக் வாய்க்கு நேரே வர வேண்டும். போனில் இருப்பது உருண்டை ஓட்டை, அதற்குப் பொருந்த வேண்டும். அவ்வளவுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், சொந்தக்காரர்கள் நடுவே சீர் கொண்டுபோய்த் தலைகுனிந்து திரும்பியதில்லை என்று அர்த்தம்.

நைனார்பாளையத்தில் அக்கா மலர்விழி புது வீடு கட்டி முடித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழா. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டதால் பிறந்த வீட்டுச் சீர் என்றால் அது தமிழ்வேந்தன் கொண்டுவருவதுதான். அதற்காகவே அவன் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஏறி, பன்னிரண்டு நாள் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிவிட்டு வந்திருந்தான். அங்கே மழையிலும் சேற்றிலும் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது.

மலைக்குப் போகும் முன்பே இலக்கியா ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்த அவன் ஊருக்கு வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. பிளஸ் டூ முடித்து, ஒரு வருஷம் கம்ப்யூட்டர் வகுப்பும் போனவள். வீட்டிலிருந்தபடியே போனில் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை ஒன்றுக்கு எழுதிப்போட்டு, இரண்டு கட்டம் தேறியிருந்தாள். கடைசியாகக் குரல் தேர்வு. புதுமனை புகுவிழா முடிந்த புதன்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் கூப்பிடுவார்கள். பின்னால் சத்தம் கேட்கக் கூடாது, குரல் எதிரொலிக்கக் கூடாது, மைக் வைத்த ஹெட்செட் கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா தனசேகரனோ களமருதூரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். பெயர் தெய்வசிகாமணி, வயசு முப்பத்து நாலு, நிலமும் டிராக்டரும் உண்டு. வேலை கிடைத்தால் கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப் போடுகிறேன், கிடைக்காவிட்டால் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று மகளிடம் சொல்லியிருந்தார்.

"மாமா, நீங்க வேற எதுவும் தூக்கிக்கினு வர வேணாம். இது ஒண்ணு வாங்கிக் குடுத்தா போதும். அப்பாகிட்ட கேட்டா, வூட்டுக்கே எல்லாம் போயிடுச்சும்பாரு. இத வுட்டா எனக்கு வேற வழி இல்ல."

"இவ்ளோதானே? வுடு, மாமன் இருக்கறேன்" என்று அவனும் சொன்னான். அப்போது மனசாரத்தான் சொன்னான். அதில் குறை சொல்ல முடியாது.

கடையில் வேலை பார்த்த கமலா என்கிற பெண் சீட்டை வாங்கிப் படித்தாள். பாட்டுக் கேட்க என்றால் கழுத்தில் மாட்டுவது போதும், காதில் செருகும் குட்டியூண்டு சாமான்களும் விலை கம்மிதான், ஆனால் அந்தப் பெண் பேசப் போகிறாள், அதனால் மைக்கைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒன்று பிராண்டுக்காக விலை, வேண்டாம் என்று அவளே ஒதுக்கினாள். இன்னொன்றின் வயர் மூன்று மாதத்தில் அறுந்துவிடும் என்றாள். மூன்றாவதைப் பிரித்து, தன் போனில் சொருகி, அவன் தலையில் மாட்டிவிட்டு, ஏதாவது பேசுங்கண்ணா என்றாள். வெளியே பஸ் ஹாரன் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே ஃபேன் கடகடத்தது. அவனுக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை. பேரையும் ஊரையும் சொன்னான். பதிவானதை அவள் போட்டுக் காட்டினாள். ஹாரனும் இல்லை, ஃபேனும் இல்லை. அவன் குரல் மட்டும் தனியாக, யாரோ படித்த மனிதன் பேசுவதைப்போலக் கேட்டது. அவனுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

விலையும் கையிலிருந்ததற்குள் அடங்கியது. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அவன் அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தான். இரண்டு கொய்யாப்பழக் கனம்கூட இல்லை. பெட்டியில் போட்டால் ஒரு செருப்புப் பெட்டியில் பாதி. இதை ஒரு தாம்பாளத்தில் வைத்து, மேளத்தோடு தெருவில் கொண்டுபோனால் யார் கண்ணுக்குத் தெரியும்?

அவன் அப்படி நினைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இலக்கியா பெரியவளானபோது அவன் ஏழு தட்டு வைத்தான். அதில் ஒரு தட்டில் சின்ன டப்பாவில் வெள்ளிக் கொலுசு. மற்ற ஆறு தட்டையும் சேர்த்தால்கூட அந்தக் கொலுசு விலைக்கு வராது. மலர்விழியின் ஓரகத்தி விஜயலட்சுமி டப்பாவின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சபையில் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "இன்னா தமிழு, வெச்சதே தெரியல" என்றாள். விஜயலட்சுமியின் அண்ணன் அவள் வீட்டு விசேஷத்துக்கு டாட்டா ஏஸில் ஃப்ரிட்ஜ் ஏற்றி, மாலை போட்டு, ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்தவன். அந்த ஒரு வார்த்தையை மலர்விழி ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். குழாயடியில் சண்டை வந்தால் கொலுசு வரும். வரப்பில் சண்டை வந்தால் கொலுசு வரும். சீர் என்பது யாருக்குப் பயன்படுகிறது என்று பார்த்துச் செய்கிற காரியமா என்ன? பார்க்கிறவன் வாயை அடைக்கச் செய்கிற காரியம். இதை எழுதும்போதே எரிச்சலாக வருகிறது, ஆனால் உண்மை அதுதான்.

"இதே வெலைல பெருசா இன்னா இருக்குது?" என்று கேட்டான்.

கமலாவுக்குப் புரியவில்லை. கடைக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. கல்லாவை விட்டு எழுந்துவந்து, மேல் தட்டிலிருந்து ஒரு ஸ்பீக்கர் பெட்டியை இறக்கினார். முழங்காலுக்கு மேல் உயரம். சுவிட்சைப் போட்டதும் சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுற்றியது. கடைக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. கூடவே வயர் வைத்த ஒரு கைமைக்கும் உண்டு, பாடலாம், பேசலாம் என்றார்.

மைக் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ்வேந்தன் அதைப் பிடித்துக்கொண்டான். அக்காவுக்கு ஸ்பீக்கர் ஆச்சு, பெண்ணுக்கு மைக் ஆச்சு. இரண்டும் ஒன்றிலேயே முடிந்தது. கமலா சும்மா இருக்கவில்லை.

"ண்ணா, இந்த மைக்குல பேசுனா இந்தப் பொட்டிலதான் கேக்கும். போனுக்குள்ள போவாது. அந்தப் பொண்ணுக்கு இது ஆவாதுண்ணா."

"மைக்குன்னா மைக்குதாம்மா. நீ பில்லு போடு."

பில் போட்டார்கள். சீட்டை அவன் நாலாக மடித்து மறுபடி பையில் வைத்துக்கொண்டான். நன்றாக விளங்கித்தான் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு தட்டு. முன்னால் மேளம். ஸ்பீக்கரை அவனே தோளில் தூக்கிக்கொண்டான். பேட்டரியில் அது பாடிக்கொண்டே வந்தது. பகல் வெளிச்சத்திலும் விளக்குச் சுற்றுவது தெரிந்தது. தெருவில் இரண்டு பக்கமும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். மொய் எழுதும் இடத்தில் மைக்கைப் பிடித்திருந்தவர், தாய்மாமன் சீர், பாட்டுப் பெட்டி ஒன்று என்று மூன்று தடவை சொன்னார். தனசேகரன் மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். விஜயலட்சுமி கிட்டே வந்து ஸ்பீக்கரைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். மலர்விழி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா அப்படி நிமிர்ந்து நின்று அவன் பார்த்ததே இல்லை. அந்த ஒரு மணி நேரம் அவனுக்கு மலையில் பட்ட பாடெல்லாம் மறந்துபோனது.

இலக்கியா ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெற்றிலை, பழம், புடவை, சர்க்கரை. பதினோராவது தட்டும் முடிந்த பிறகு அவனைத் தேடிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் வந்தாள்.

"மாமா, நான் சொன்னது?"

"இதுலயே மைக்கு இருக்குது பாரு. கடையில கேட்டுக்கினுதான் வாங்கனேன்."

அவள் கைமைக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வயரின் முனையைப் பார்த்தாள். அது அவள் போனின் ஓட்டையைப் போல இரண்டு மடங்கு தடிமன். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். விசேஷ வீட்டுச் சாப்பாட்டு வாசனையில் வேர்த்து விறுவிறுத்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்ற மாமனைப் பார்த்து என்ன நினைத்தாளோ, "சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமை நடந்ததை அக்கா போனில் சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான். சாமான் சேராத புது வீடு. பேசினால் சுவர் திருப்பிப் பேசியது. இலக்கியா வீட்டில் இருந்த பாய், கம்பளி, பழைய புடவை எல்லாவற்றையும் ஜன்னலிலும் சுவரிலும் தொங்கவிட்டு, நடுவில் உட்கார்ந்து போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள். தனசேகரன் வாசலில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தார். மகள் கேட்டுக்கொண்டதும் நிறுத்திவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பதினோரு மணிக்கு வரவேண்டிய அழைப்பு பதினொன்றே முக்கால் வரை வரவில்லை. ஸ்பீக்கரைப் பார்க்க ஆள் வந்தது. பேச்செல்லாம் முடிந்திருக்கும் என்று நினைத்து அவர் மறுபடி போட்டுக் காட்டினார். அந்த நேரம் பார்த்து அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் பேசிய பெண், என்னம்மா ஒரே சத்தம், உங்ககிட்ட ஹெட்செட் இல்லையா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். இல்லைங்க என்று இலக்கியா சொன்னதும் வைத்துவிட்டாள். சாயங்காலம் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அதோடு முடிந்தது.

இதை மலர்விழி மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, குரலை மாற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை களமருதூர்க்காரர்கள் பெண் பார்க்க வருகிறார்கள், தாய்மாமன் நீ முன்னால் வந்து உட்கார வேண்டும் என்றாள். விஜயலட்சுமியே ஸ்பீக்கரை இரவல் கேட்டதாகவும், கொடுக்கவில்லை என்றும் சந்தோஷமாகச் சொன்னாள்.

இரண்டு நாளும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கலையரசி என்னவென்று கேட்டதற்கும் சொல்லவில்லை. ஹெட்செட்டில் கேட்ட தன் குரல்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. இலக்கியாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், காலில்கூட விழுந்துவிடலாம், சொல்லிவிட்டால் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கிவிடும் என்று முடிவு செய்தான். தப்புச் செய்தவன் மன்னிப்புக் கேட்கக் கிளம்பும்போது பாதி தன் நிம்மதிக்காகத்தான் கிளம்புகிறான். எதிரே இருப்பவருக்கு அது என்ன செய்யும் என்று யோசிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை அவன் போனபோது இலக்கியா பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூவோடு, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். புடவை நனையாமல் கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். அவனைப் பார்த்ததும் சிரித்து, சாப்பிட்டீங்களா மாமா என்று கேட்டாள். அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"கண்ணு, அன்னிக்குக் கடையில அந்த ஹெட்செட்ட மாட்டியே பாத்தேன். பேசிக்கூடப் பாத்தேன். எவ்ளோ நல்லா கேட்டுது தெரியுமா. இந்த மைக்கு ஒனக்கு ஆவாதுன்னு அந்தப் பொண்ணு தெளிவாவே சொல்லுச்சு. தெரிஞ்சேதான் வாங்கனேன். தட்டுல வெச்சா பெருசா தெரியணும்னு வாங்கனேன். மாமன மன்னிச்சிடு."

இலக்கியா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"பாவம் மாமா, படிக்காதவரு, தெரியாம வாங்கிட்டாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "அப்படி நெனச்சிதான் மனசத் தேத்திக்கினேன். அதையும் ஏன் மாமா எடுத்துட்டீங்க?"

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தமும், வாங்க வாங்க என்று தனசேகரன் சொல்வதும் கேட்டது. மலர்விழி பின்வாசலுக்கு ஓடிவந்து, மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், தாய்மாமன் எங்கே என்று கேட்கிறார்கள், இங்கே நின்று என்ன பேச்சு என்று தம்பியைக் கடிந்துகொண்டாள். இலக்கியா செருகியிருந்த கொசுவத்தை இறக்கிவிட்டு, கழுவிய டம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். தமிழ்வேந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போய், தாய்மாமனுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.