வாப்பாவின் மீனெண்ணெய்க் குளிசை

மௌலவி ஸப்வான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், பரீனா மீனெண்ணெய்க் குளிசைப் போத்தலை அவசரமாகத் தலையணைக்குக் கீழே செருகினாள்.

நான்கு மாதமாக அவள் பயந்தது இந்த வருகைக்குத்தான். வாப்பா சரீபுக்குக் குடலில் புற்றுநோய். உடம்பு கரையாமலிருக்க ஒருநாளும் தவறவிடக்கூடாது என்று கிளினிக் தாதி கொடுத்த குளிசை அது. உறையைப் பன்றித் தோலில் செய்கிறார்கள் என்று யாரோ காதில் போட்டுவிட, வாப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். போத்தலில் ஜெலட்டின் என்று மட்டும் இருந்தது. எதில் செய்தது என்று இல்லை. பரீனா குளிசையை வெட்டி எண்ணெயைக் கஞ்சியில் பிழிந்து கொடுத்தாள். வாடைக்கே வாந்தி.

கடைசியில், "மௌலவிட்டக் கேட்டனான் வாப்பா, மருந்துக்குக் கூடுமாம்" என்று புளுகிவிட்டாள். உண்மையாகவே கேட்டு, அவர் கூடாது என்றுவிட்டால்? அந்தப் பயத்தில் கேட்கவேயில்லை. அன்றிலிருந்து வாப்பா பிஸ்மி சொல்லி விழுங்கினார். அவள் தாதி தந்த அட்டையில் நாள்தோறும் சரி போட்டாள்.

மௌலவி கட்டிலருகே கதிரையில் இருந்தார். வாப்பாவுக்கு மூச்சு இழுத்தது.

"ஹஸரத், நீங்க கூடும் எண்டதாலதான் அந்த மீனெண்ணக் குளிசயக் குடிச்சனான். இல்லாட்டித் தொட்டிருக்க மாட்டன்."

பரீனா தலையணையை அழுத்திப் பிடித்தாள். எந்தக் குளிசை என்று இந்த மனிதர் கேட்டால் போதும், ஹராமைத் தின்றுவிட்டேன் என்ற நினைப்போடுதான் வாப்பா கண்ணை மூடுவார்.

மௌலவி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் சரீப் நானா. நான்தான் சொன்னனான். பொறுப்பு எனக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் வாப்பா. அஸர் பாங்குக்கு முன்பே அவர் மௌத்தாகிவிட்டார்.

குளிப்பாட்டிக் கபன் துணியிட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்க ஆட்கள் கூடினார்கள். மௌலவி குசினிக் கதவடிக்கு வந்தார்.

"மகள், அந்தப் போத்தல் எங்க?"

எடுத்துவந்து நீட்டினாள்.

"உறை எதில செஞ்சதெண்டு எனக்கு இன்னும் தெரியாது ஹஸரத்."

"எனக்கும் தெரியாது."

அவர் போத்தலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜுப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு போய், சந்தூக்கின் முன்பிடியைத் தோளில் ஏற்றினார். எட்டு வைக்கும்போதெல்லாம் பைக்குள் குளிசைகள் குலுங்கின. வாசல் படலை தாண்டும்வரை பரீனாவுக்கு அது கேட்டது.