முப்பதுக்கு முப்பது

மார்ச் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் மேகமூட்டம், மழையில்லை, காற்று மிதம். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் தம் வீட்டு வாசற்கதவை மறந்தார். கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

இது புதிதன்று. அவர் மறப்பவை வீட்டைவிட்டு நீங்குவது ஈராண்டுகளாக வழக்கமாகியிருந்தது. முதலில் சர்க்கரை டப்பா போயிற்று, பிறகு மாடிப்படி. மாடியில் உலர்த்திய துணிகள் எட்டு மாதங்களாக அங்கேயே உலர்ந்துகொண்டிருந்தன. சென்ற வாரம் மகளின் இடது கை போயிற்று. வலியில்லை, இரத்தமில்லை, சட்டைக்கை வெறுமனே தொங்கியது, அவ்வளவே. மகள் தையற்கடையில் பணிபுரிபவள். துணியை நகர்த்த இடது கையின்றி இயந்திரத்தின் முன் அமர்ந்து பயனில்லை. அடுத்துப் போவது வலது கையா, தலையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. மறதி நோயாளர் காப்பகத்தில் தரும் பயிற்சியால் சிலருக்கு மறந்தவை மீண்டதுண்டு. ஆனால் நினைவுத் தேர்வில் இருபதுக்குக் கீழே பெற்றவர்களுக்கே அங்கு இடம். டீச்சரோ மருத்துவமனையில் மூன்று முறையும் முப்பதுக்கு முப்பது பெற்றார். முப்பத்து நான்கு ஆண்டுகள் தேர்வறையில் வாழ்ந்தவர். வினாத்தாளைக் கண்டால் முதுகு நிமிர்ந்துவிடும். வீடு திரும்பியதும் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பாலையும் அடுப்பையும் மறப்பார்.

மகள் மன்றாடி மருத்துவமனைத் தேர்வாளரை வீட்டுக்கே வரவழைத்திருந்தாள். டீச்சர் அன்றும் முப்பது பெற்றார். தேர்வாளர் பையை எடுத்துக்கொண்டு சென்று சுவரைத் தடவிப் பார்த்தார்.

"வாசல் எங்கம்மா?"

"எங்கம்மாகிட்டயே கேளுங்க. முப்பதுக்கு முப்பது வாங்கினவங்க."

"எனக்கு நாலரைக்கு இன்னொரு வீடு இருக்கு."

"மாடிப்படி காணோம்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன் சார். படிக்கெல்லாம் மார்க் இல்லன்னீங்க. இப்ப கதவுக்கு மட்டும் மார்க் உண்டா?"

கதவையும் ஒரு கேள்வியாகக் கேட்டுப் பார்க்கும்படி மகள் சொன்னாள். வினாத்தாளின் சொற்களை மாற்றுவது விதிக்குப் புறம்பு என்று தேர்வாளர் இரண்டு மணி நேரம் மறுத்தார். இருமுறை சன்னல் கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்துப் பார்த்தார். இறுதியில் விதி தோற்றது. நாற்காலி, எலுமிச்சை, வாசற்கதவு என்று மூன்று சொற்களைச் சொல்லி, நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் செய்து, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார். டீச்சர் மூன்றையும் ஒப்பித்தார். கதவு வந்தது, தாழ்ப்பாளோடு. விடை சரியானதால் மதிப்பெண்ணைக் குறைக்க வழியில்லை. தேர்வாளர் முப்பது என்றே எழுதிக் கையொப்பமிட்டு, மீதி வினாத்தாள்களைக்கூட எடுக்காமல் விரைந்து வெளியேறினார்.

மகள் அந்தப் படிவத்தை நான்காக மடித்து ஆடும் மேசைக்காலுக்கு அடியில் செருகினாள். பிறகு ஒரு வினாத்தாளுடன் தேர்வாளரின் நாற்காலியில் அமர்ந்தாள்.

"மூணு வார்த்தை சொல்றேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்பச் சொல்லணும். மாடிப்படி, சர்க்கரை டப்பா, மக."

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு சுலபமாவா கேப்பாங்க? வேலைக்குப் புதுசா?"

"ஆமா டீச்சர்."

ஐந்து நிமிடமும் கடந்தது. "மாடிப்படி, சர்க்கரை டப்பா, மக," என்றார் டீச்சர். "அடுத்த கேள்வி?"

மாடிப்படி முதலில் வந்தது. சர்க்கரை டப்பா எறும்புகளுடன் வந்தது. இடது கை கடைசியாக, ஊசி குத்திய பழைய தழும்புடன் வந்து சேர்ந்தபோது மாலை மணி ஐந்து நாற்பத்தேழு.