அழுகை மூஞ்சிக்குக் கீழே இருபத்துமூன்று அட்டை

பெரியகுளத்தில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போன பவானி டீச்சர் ஒரு சார்ட்டோடு திரும்பி வந்தாள். சிரிப்பு மூஞ்சி, கோப மூஞ்சி, அழுகை மூஞ்சி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் காலையில் தங்கள் பெயர் அட்டையை, மனசு எப்படி இருக்கிறதோ அந்தப் பையில் செருக வேண்டும். இருபத்திரண்டு பேர் முண்டியடித்துக்கொண்டு சிரிப்பில் செருகினார்கள். கயல் மட்டும் அழுகையில். ஒரு நாளா, இரண்டு நாளா? மூன்று வாரமாக!

அழுகையில் செருகும் பிள்ளையிடம் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பவானியும் தினமும் போய் உட்கார்ந்தாள்.

"என்னாத்தா ஆச்சு? சாப்பிட்டியா? எவனாச்சும் அடிச்சானா?"

"இல்ல டீச்சர்."

"அம்மா வஞ்சுச்சா?"

"அம்மா ஏலக்காத் தோட்டத்து வேலைக்குப் போயிருச்சு டீச்சர்."

கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. பத்தாவது நிமிஷம் அதே பிள்ளை கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருக்கும். இந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

போதாக்குறைக்கு ஹெச்.எம். ஞானசிகாமணி சார் வந்து நின்றார். "வெள்ளிக்கிழமை ஆபீசர் வர்றாக டீச்சர். ஒரு பிள்ளை அழுதாலும் நம்ம மண்டையத்தான் உருட்டுவாக. எல்லாம் சிரிப்புல கெடக்கணும்."

பவானி அன்றே கயலின் அட்டையைப் பிடுங்கிச் சிரிப்பில் செருகினாள். "இனிமே இங்கனதான். மாத்தி வச்ச, எனக்குக் கெட்ட கோவம் வரும், பாத்துக்க."

இரண்டு நாள் அட்டை சிரிப்பிலேயே இருந்தது. பவானியும் அவள் பக்கம் போகவில்லை. அப்பாடா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை. ஆபீசர் ஹெச்.எம். அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பவானி வகுப்புக்குள் நுழைந்து சார்ட்டைப் பார்த்தாள். சிரிப்புப் பை காலி. இருபத்துமூன்று அட்டையும் அழுகையில் பிதுங்கிக்கொண்டிருந்தன.

"ஏலே, யாரு பாத்த வேலை இது?"

வகுப்பு லீடர் மதன்குமார் எழுந்தான். "கயலுதான் டீச்சர் சொல்லுச்சு. சிரிப்புல சொருகுனா நீங்க கிட்டயே வர மாட்டீகளாம். அழுகையில சொருகுனாத்தான் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியான்னு கேப்பீகளாம்."

கடைசி வரிசையில் கயல் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு அழுகையெல்லாம் வரல டீச்சர். அம்மா வெள்ளனயே தோட்டத்து ஜீப்புல போயிருது. வேற யாரும் கேக்க மாட்டாக."

பவானிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மூன்று வாரமாகக் கேட்டும் இந்த மண்டைக்கு இது ஏறவில்லையே! வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அட்டைகளை அள்ளி மாற்ற ஒரு நிமிஷம் போதும். அவள் மாற்றவில்லை.

"என்னம்மா, மொத்த வகுப்பும் அழுகுதா?" என்றார் ஆபீசர். அவருக்குப் பின்னால் ஹெச்.எம். கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"தெரியல சார். இன்னும் யாரையும் கேக்கல," என்ற பவானி, மதன்குமார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என்னப்பா ஆச்சு? சாப்பிட்டியா?"

தினமும் முதல் ஆளாக ஓடிவந்து சிரிப்பில் அட்டை செருகுகிறவன் மதன்குமார். பதில் சொல்ல வாயெடுத்தவன், ஓவென்று அழ ஆரம்பித்தான்.