நிற்காமல் வந்த வண்டி

"நாளைக்குக் காலையில காபி மட்டும் குடி. தண்ணி வேணாம்."

"தாகம் எடுத்தா?"

"வாயைக் கொப்பளிச்சுத் துப்பிடு. வண்டியில ஏறினதும் தூங்கிட்டா தெரியாது."

"அப்பா மட்டும் பாட்டில் பாட்டிலா குடிக்கிறாரு?"

"அவரு எங்க வேணா இறங்குவாரு. நம்மால முடியுமா? சும்மா கேள்வி கேக்காம துணியை மடிச்சு வை."

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மகளிடம் பேசிய இந்தப் பேச்சு தீபாவின் காதை விட்டு நகர மறுத்தது. தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பதின்மூன்று வயது தாரிணி கண் திறக்காமல் கிடந்தாள். கிட்னியில் கிருமி தொற்றி, அது ரத்தத்திலும் கலந்துவிட்டது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிழைப்பாளா என்று கேட்டதற்கு, மருந்து வேலை செய்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்றார்.

தீபாவின் கணவன் சிவகுமார் பொல்லாதவன் இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் அவன் அப்பா பொன்னுரங்கம் நெல் விளைவித்த நிலமெல்லாம் மனைகளாகிவிட்டது. மிச்சமிருந்த இடத்தில், மெயின் ரோட்டு மேல், சிமென்ட்டும் கம்பியும் விற்கிற கடை வைத்திருந்தான். மே மாதம் வந்தால் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு காரில் கிளம்பிவிடுவான். சொந்தக்காரர்கள் சிங்கப்பூர், துபாய் என்று பறந்தபோது, சொந்த மாநிலத்தையே முழுசாகப் பார்க்காதவனுக்கு வெளிநாடு எதற்கு என்று கேட்டவன் அவன். ஒரு வருஷம் ஒகேனக்கல், ஒரு வருஷம் கொல்லிமலை, ஒரு வருஷம் தரங்கம்பாடி. கோட்டைச் சுவரைத் தடவிக்கொண்டே அவன் மகளுக்குக் கதை சொல்லும்போது தீபாவுக்கே அவன் மேல் புதிதாக ஆசை வரும்.

ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவன் வேறு ஆள். பெருங்களத்தூர் தாண்டினால் ஊர் போய்ச் சேரும்வரை வண்டி நிற்கக் கூடாது. போய் இறங்கியதும், வழியில் எங்கேயும் நிறுத்தவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். அவனுக்கே அவசரம் வந்தால் மட்டும் ஒரு புளியமரம் போதும். கதவைத் திறந்து இறங்கி, இரண்டு நிமிஷத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவான். அதுவரை உள்ளே இருக்கிற பெண்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவன் நிறுத்துகிற இடம் எதுவும் அவர்கள் இறங்கக் கூடிய இடமில்லை. பெட்ரோல் பங்கில் கேட்டால் கழிப்பறை பூட்டியிருக்கும். திறந்திருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தால் தண்ணீர் வராது.

போன வருஷப் பயணத்தில் தீபா இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொன்னாள். சிவகுமாரின் தங்கை சரிதாவும் அவள் கணவன் பிரேமும் கூட வந்திருந்தார்கள். முன்சீட்டில் இருந்த பிரேம் திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

"ஊருக்கு ஊர் இறங்கி ஏறணும்னா டவுன் பஸ்லயே வந்திருக்கலாமேக்கா. மச்சானுக்கு டீசலாவது மிச்சமாயிருக்கும்."

வண்டியே சிரித்தது. சரிதாகூடச் சிரித்தாள். தீபாவின் மடியில் தலை வைத்திருந்த தாரிணி, அம்மாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தாள். அன்றைக்கு மூடிய வாயை தீபா அப்புறம் திறக்கவில்லை.

இந்த வருஷம் அதே ஆட்களோடு புதுக்கோட்டைப் பக்கம் போனார்கள். சித்தன்னவாசல் பாறை கொதித்தது. திருமயம் கோட்டையிலிருந்து இறங்கி வந்ததும் எல்லோரும் நன்னாரி சர்பத் வாங்கிக் குடித்தார்கள். தாரிணி மட்டும் டம்ளரை வாங்கவில்லை. அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையாட்டினாள். பெரிய பெண்ணாகிச் சில மாதமே ஆகியிருந்தது. அப்பா, மாமா யார் எதிரிலும் எதையும் சொல்லக் கூசுகிற வயசு. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பெண் என்று தீபா அப்போது மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

காரைக்குடியில் திரும்பிக் கிளம்புகிற காலையில், எரிகிறது என்று தாரிணி காதோடு சொன்னாள். வீட்டுக்குப் போனதும் பார்லி தண்ணீர் வைத்துத் தருவதாக தீபா சமாதானம் சொன்னாள். மத்தியானம் உடம்பு சுட்டது. செங்கல்பட்டு தாண்டியபோது லீவு முடிந்து ஊர் திரும்புகிற அத்தனை வண்டியும் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றிருந்தது. சிங்கப்பெருமாள் கோயிலில் ஆரம்பித்த நெரிசலில் வண்டி ஊர்ந்தது. தாரிணி குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கினாள்.

"அம்மா, முடியலம்மா. நீ சொல்லேன்."

தீபா முன்சீட்டில் தெரிந்த பிரேமின் பிடரியைப் பார்த்தாள். "கொஞ்ச தூரம்தான் கண்ணு. வீடு வந்துடும்" என்றாள்.

வண்டலூர் மேம்பாலத்துக்குக் கீழே அந்தப் பெண் வாந்தியெடுத்தாள். கண் மேலே செருகியது. மடியில் ஈரம் பரவியபோதுதான் தீபா கத்தினாள். அப்போதும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னாள்.

பொன்னுரங்கம் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடி வந்தார். "இன்னாடா ஆச்சு கொழந்தைக்கு? நல்லாத்தானே கூட்டிகினு போன?"

சிவகுமார் தரையைப் பார்த்தபடி, "மெஸ் சாப்பாடு சேரலப்பா" என்றான். வெயில் வேறு என்று பிரேம் சேர்த்துக்கொண்டான். சிறுநீரில் வந்த கிருமி என்று டாக்டரம்மா சொன்னதை அந்த வராந்தாவில் உரக்கச் சொல்ல ஒருவருக்கும் நாக்கு வரவில்லை. தீபாவுக்கும்தான்.

தாரிணி பிழைத்தாள். சில நாள் கழித்து அவளை வார்டுக்கு மாற்றினார்கள். உடம்பில் பாதி கரைந்திருந்தது. வலது கிட்னியில் தழும்பு விழுந்துவிட்டது, ஆயுசுக்கும் கவனமாக இருக்க வேண்டும், பிற்பாடு பிள்ளைப்பேறு சமயத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டரம்மா. பிறகு, நாள் கணக்கில் தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி வைத்திருக்கிறாளே, வீட்டில் யாருமே கவனிக்கவில்லையா என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டுப் போனார்.

கட்டிலைச் சுற்றிப் பொன்னுரங்கமும் பிரேமும் சரிதாவும் நின்றிருந்தார்கள். சிவகுமார் மனைவி பக்கம் திரும்பினான். குரல் உடைந்திருந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லலை? சொல்லியிருந்தா நிறுத்த மாட்டேனா?"

தீபா பழத்தை நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

"போன வருஷம் சொன்னேன். எல்லாரும் சிரிச்சீங்க. நீங்களும் சிரிச்சீங்க. நான் வாயை மூடிக்கிட்டேன். என்னோட போயிருந்தா பரவாயில்ல, அவ வாயையும் நானே மூடினேன். நீங்க அவளுக்கு ஊர் ஊரா காட்டினீங்க. நான் தாகத்தை மறைக்கக் கத்துக்கொடுத்தேன்."

பிரேம் ஏதோ சொல்ல வந்தான். அவள் அவனையும் பார்த்தே பேசினாள்.

"உடம்பு கேக்கறதை வாய் விட்டுச் சொல்றதுல என்னங்க வெக்கம்? அதைச் சொல்ல விடாம சிரிக்கிறவங்கதான் வெக்கப்படணும். கேட்டுட்டும் சும்மா இருந்த என்னை மாதிரி அம்மாவும் வெக்கப்படணும். பொண்ணுங்க இறங்க ஒரு இடம் இருக்கான்னு யோசிக்காம கிளம்புற வண்டி எந்த ஊரையும் பார்க்கப் போக வேணாம்."

சரிதா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பொன்னுரங்கம் வெளியே போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிவகுமார் மகளின் காலடியில் மெல்ல உட்கார்ந்தான்.

தாரிணி அசைந்தாள். கண்ணால் அம்மாவைத் தேடி, குனிந்து காதைக் கொடுக்கச் சொல்லி விரலை ஆட்டினாள். தீபா குனியவில்லை.

"அப்பா இங்கதான் இருக்காரு. அவருகிட்ட சொல்லு."

பெண் தாத்தாவைப் பார்த்தாள். பிரேமைப் பார்த்தாள். முகம் சிவந்து, பார்வை திரும்பவும் அம்மாவிடம் வந்தது. தீபா நின்ற இடத்திலேயே நின்றாள். தாரிணி வெடித்திருந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். அந்த வார்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"அப்பா, எனக்கு ஒண்ணுக்குப் போகணும். இந்த டிரிப்ஸ் பாட்டிலை எடுத்துக்கிட்டு என் கூட வா."